மாணவர் போராட்டம் பற்றிய பல்கலைக்கழக ஆவணங்களை ஆர்டிஐ மூலம் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பல்கலைக்கழகத்தில் விடுதிக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் இரவு போலீஸ் வளாகத்துக்குள் வருகிறது. நான்காம் நாள் காலையில் விடுதியைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டுகிறார்கள். அடுத்த வாரம் பதினோரு பேருக்கு இடைநீக்க உத்தரவு போகிறது. இது நான் கட்டிய உதாரணம்தான். ஆனால் தமிழ்நாட்டில் கல்லூரிப் பக்கம் போய் வந்த யாருக்கும் புதிய கதையல்ல. இந்த வழிகாட்டி முழுக்க இதையே கையில் வைத்துக்கொள்வோம்.

போலீஸைக் கூப்பிட்டது யார், விடுதியை மூடச் சொன்னது யார், அந்தப் பதினோரு பெயரை யார் எழுதிக் கொடுத்தார்கள்? இதைத் தெரிந்துகொள்ள 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) இருக்கிறது. ஆனால் நிறைய மனுக்கள் வெறுங்கையோடு திரும்புகின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றே: "மாணவர்கள் மீது ஏன் நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள். இந்தச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைக் கொடுக்கச் சொல்கிறது. இல்லாத பதிலைப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றமும் 2011-இல் சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே போராட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது உண்டாக்கிய காகிதங்களைக் கேளுங்கள். அந்தக் காகிதங்கள் என்னென்ன என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

முதலில், யாரிடம் கேட்க வேண்டும்?

சென்னை, மதுரை காமராசர், பாரதியார், அண்ணா போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் சட்டமன்றச் சட்டத்தால் உருவானவை. ஆகவே நேரடியாகச் சட்டத்துக்குள் வருகின்றன. 2013-இல் அரசு கையில் எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். இவற்றுக்கு மேல் இருப்பது தமிழ்நாடு தகவல் ஆணையம். ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவை மத்திய அரசு நிறுவனங்கள். அவற்றுக்கு டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் "நாங்கள் தனியார் நிர்வாகம்" என்று கையை விரிப்பார்கள். 2019-இல் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில், அரசிடமிருந்து கணிசமான நிதி வாங்கும் கல்வி நிறுவனம் பொது அதிகார அமைப்புதான், அதாவது இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் பெயரை மனுவிலேயே ஒரு வரி போட்டுவிட்டால் ஒரு சுற்றுக் கடிதம் மிச்சம்.

சுயநிதிக் கல்லூரி என்றால் சுற்றுவழிதான். சட்டத்தின் 2(எஃப்) பிரிவுப்படி, ஒரு தனியார் அமைப்பிடமிருந்து வேறு சட்டத்தின் கீழ் அரசு அமைப்பு பெறக்கூடிய தகவலும் "தகவல்"தான். எனவே இணைப்பு வழங்கிய பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். கல்லூரி அனுப்பிய அறிக்கை, பல்கலைக்கழகம் கேட்ட விளக்கம், கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்குப் போன கடிதம் எல்லாம் அங்கே ஒரு நகல் இருக்கும்.

காகிதம் நடந்து போன பாதை

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தில் என்னென்ன காகிதம் உருவாகும் என்று ஒரு தாளில் நாள்வாரியாக எழுதிப் பாருங்கள்.

முதல் நாள், மாணவர்கள் கொடுத்த கோரிக்கை மனு. அது பதிவாளர் அலுவலகத்தில் உள்வரும் தபால் பதிவேட்டில் ஏறும். அன்று மாலை விடுதிக் காப்பாளர் துணைவேந்தருக்கு ஒரு அறிக்கை கொடுப்பார். பாதுகாப்பு அலுவலர் தன் பதிவேட்டில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் கூடினார்கள் என்று எழுதுவார். இரண்டாம் நாள், துறைத் தலைவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை. மூன்றாம் நாள், காவல் ஆய்வாளருக்குப் பாதுகாப்புக் கேட்டுக் கடிதம். நான்காம் நாள், விடுதி மூடும் அறிவிப்பு. அதற்கு முன் அதை அனுமதித்த கோப்புக் குறிப்பு. பிறகு ஒழுங்கு நடவடிக்கைக் குழு அமைத்த உத்தரவு, குழுவின் அறிக்கை, இடைநீக்க உத்தரவுகள், கடைசியாக ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வைத்த பொருள், அதன் நடவடிக்கைக் குறிப்பு. உயர்கல்வித் துறைக்கோ ஆளுநர் மாளிகைக்கோ அறிக்கை போயிருந்தால் அதுவும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தபால் பதிவேடுதான். யாரும் அதைக் கேட்பதில்லை. அலுவலகத்தில் அதை மறைக்க வேண்டிய பொருளாக யாரும் நினைப்பதுமில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், தேதி, யாரிடமிருந்து, பொருள், எந்தப் பிரிவுக்குப் போனது என்று இருக்கும். "இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் காவல் துறையிடமிருந்து வந்த கடிதங்கள்" என்று இருட்டில் தடவுவதற்குப் பதிலாக, பதிவேட்டுப் பக்கங்களை முதலில் வாங்கிவிட்டால் அடுத்த மனுவில் கடித எண்ணோடு கேட்கலாம். எண்ணோடு கேட்ட கடிதத்தை "அப்படி எதுவும் இல்லை" என்று சொல்வது கஷ்டம்.

அப்புறம், ஏதாவது ஒரு உத்தரவு உங்கள் கையில் இருந்தால் அதன் தலைப்பைப் பாருங்கள். "ந.க.எண்" என்று ஒன்று இருக்கும். அதற்குக் கீழே "பார்வை" என்று இரண்டு மூன்று கடிதங்களைக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த ந.க.எண்தான் கோப்பின் முகவரி. பார்வையில் உள்ளவை, அந்த உத்தரவு எதன் மேல் நின்று எழுதப்பட்டது என்பதற்கான சாட்சி. இடைநீக்க உத்தரவின் பார்வையில் "காப்பாளரின் கடிதம், நாள்..." என்று இருந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோப்பு என்றால் கடிதங்கள் மட்டுமில்லை. அதில் குறிப்புப் பகுதி ஒன்று உண்டு. உதவியாளர் எழுதி, கண்காணிப்பாளர், துணைப் பதிவாளர், பதிவாளர் என்று ஏறி, துணைவேந்தர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது வரை அங்கேதான் இருக்கும். யார் எதை முதலில் சொன்னார்கள் என்பது அதில்தான் தெரியும். சட்டத்தின் வரையறையிலேயே கோப்பு, கருத்துரை, ஆலோசனை எல்லாம் அடக்கம். மனுவில் "குறிப்புப் பகுதி உட்பட முழுக் கோப்பு" என்று எழுத மறந்தால் வெறும் கடித நகல்கள்தான் வரும்.

காகிதம் வளாகத்துக்கு வெளியிலிருந்தும் வரலாம். 2015 மே மாதம் ஐஐடி மெட்ராஸ் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கியதன் பின்னால், பெயரில்லாத ஒரு புகாரும் அதை இணைத்து மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அனுப்பிய கடிதமும் இருந்தன. எதிர்ப்பு கிளம்பி, ஜூனில் அங்கீகாரம் திரும்ப வந்தது. அப்படிப்பட்ட விஷயத்தில் நிறுவனத்திடம் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அமைச்சகத்துக்கும் தனியாக ஒரு மனு போட வேண்டும்.

சிசிடிவி பதிவா? இன்றைக்கே எழுதுங்கள்

காகிதம் காத்திருக்கும், கேமரா காத்திருக்காது. வன்தட்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பல இடங்களில் அது சில வாரக் கணக்குதான். உங்கள் மனுவுக்குப் பதில் சொல்லவே 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் பதிவு போயிருக்கும்.

அதனால் சம்பவம் நடந்த அன்றோ மறுநாளோ இரண்டு காரியம் செய்யுங்கள். பதிவாளருக்கு ஒரு கடிதம்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன வாசல் கேமராப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும். அதே நாளில் அந்தப் பதிவையே கேட்டு ஒரு ஆர்டிஐ மனு. ஏன் இரண்டும்? கேட்டு மனு நிலுவையில் இருக்கும் தகவலை அழித்தால் அது சட்டத்தின் 20-ஆவது பிரிவில் தண்டம் விதிக்கத்தக்க தவறு. மனு போடாத வரை அந்தப் பாதுகாப்பு கிடையாது.

டெல்லி ஜேஎன்யுவில் 2020 ஜனவரி 5 அன்று முகமூடிக் கும்பல் மாணவர்களைத் தாக்கியது நினைவிருக்கும். அதற்கு முந்தைய நாட்களில் மாணவர்கள் சர்வர் அறையைச் சேதப்படுத்தினார்கள் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஆர்டிஐயில் கேட்டபோது வந்த பதில், பயோமெட்ரிக் கருவிகள் எதுவும் உடைக்கப்படவில்லை என்றது. ஜனவரி 5 மாலை 3 மணியிலிருந்து 11 மணி வரை வாசல் கேமராவின் தொடர்ச்சியான முழுப் பதிவு இல்லை என்றும் சொன்னது. பதிலை அப்படிப் படிக்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் பிறகு விளக்கம் கொடுத்தது. எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம்: இடம், கருவி, நேரம் மூன்றையும் கேள்வியிலேயே கட்டிப்போடுங்கள். "சர்வர்" என்று மொட்டையாக எழுதாமல் எந்தக் கட்டடம், எந்த அறை என்று எழுதினால் பதிலுக்குப் பிறகு வழுக்கிப் போக இடமிருக்காது.

மனுவை எழுதுவது

தமிழிலேயே எழுதலாம். அந்தப் பகுதியின் ஆட்சி மொழியில் எழுதலாம் என்று 6(1) சொல்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, 6(2). சொல்லாதீர்கள். "எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி" என்று நான்கு பத்தி எழுதினால் அதற்கு மட்டும் பதில் வரும்.

மாணவர் சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்ப வேண்டாம். தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு. சங்கம் குடிமகனல்ல என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். உங்கள் பெயரில், "இந்தியக் குடிமகன்/குடிமகள்" என்று ஒரு வரியோடு அனுப்புங்கள். படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்குப் பயம் இருந்தால் அது நியாயமான பயம்தான். அம்மா போடலாம், முன்னாள் மாணவர் போடலாம், ஊரில் இருக்கிற சித்தப்பா போடலாம். யார் கேட்டாலும் காகிதம் ஒன்றுதான்.

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், இன்ன பல்கலைக்கழகம். பெயர் தெரியாவிட்டாலும் பதவி போதும். கேள்விகள் இந்த மாதிரி இருக்கட்டும்:

"1) பதிவாளர் அலுவலக உள்வரும், வெளிச்செல்லும் தபால் பதிவேடுகளில் பிப்ரவரி 10 முதல் 20 வரையிலான பக்கங்களின் நகல். 2) விடுதிகளை மூடுவது குறித்து பிப்ரவரி 13 அன்று வெளியிட்ட அறிவிப்பு தொடர்பான கோப்பின், குறிப்புப் பகுதி உட்பட, சான்றிட்ட நகல். 3) மேற்படி நாட்களில் பல்கலைக்கழகத்துக்கும் காவல் துறைக்கும் இடையே நடந்த கடித, மின்னஞ்சல் போக்குவரத்தின் நகல். 4) ஒழுங்கு நடவடிக்கைக் குழுவை அமைத்த உத்தரவும் குழுவின் அறிக்கையும், மாணவர் பெயர்களையும் பதிவு எண்களையும் மறைத்து. 5) மேற்படி கோப்புகளை 2(ஜெ) பிரிவின்படி நேரில் பார்வையிட ஒரு நாள்."

நான்காவது கேள்வியின் கடைசி வார்த்தைகளைக் கவனித்தீர்களா? பெயரை மறைத்துக் கொடுங்கள் என்று நாமே கேட்டுவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. முன்பு அந்தப் பிரிவிலேயே பொதுநலன் பற்றிய வாசகம் இருந்தது. இப்போது "தனிநபர் தகவல்" என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. நல்ல மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் மாணவர்களின் பெயர்ப் பட்டியல் நமக்கு எதற்கு? முடிவெடுத்தவர்களின் பதவியும் கையெழுத்தும்தான் தேவை. அலுவல் முறையில் போட்ட கையெழுத்தைத் தனிநபர் தகவல் என்று சொன்னால் 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது: பொதுநலன் பெரிது என்றால் விலக்குப் பெற்ற தகவலையும் கொடுக்கலாம்.

நடவடிக்கைக்கு உள்ளான மாணவர் நீங்களே என்றால் உங்கள் கோப்புக்குத் தனி மனு போடுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 4(1)(டி) சொல்வதையும் அதில் எழுதுங்கள். பொதுவான கேள்விகளோடு சேர்த்துப் போட்டால் ஒன்றுக்கான மறுப்பு இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

கட்டணம், தபால், நாள் கணக்கு

கட்டணம் 10 ரூபாய். மாநில அமைப்பு என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய நிறுவனங்களுக்கு இந்திய போஸ்டல் ஆர்டர், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் மனுவின் நகலையும் ஒன்றாகப் பின் செய்து வையுங்கள்.

மனு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள். மூன்றாம் நபரைக் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு கட்டு என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் வரை கணக்கு நின்றுவிடும். எனவே தள்ளிப்போடாமல் கட்டுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் 7(6)-இன்படி இலவசமாகவே கொடுக்க வேண்டும்.

மறுப்பு வரும், தயாராக இருங்கள்

முதல் மனுவிலேயே எல்லாம் வந்துவிட்டால் ஆச்சரியம். வழக்கமாக வரும் மறுப்புகளைப் பார்ப்போம்.

"விசாரணை நிலுவையில் உள்ளது, 8(1)(எச்)." இதுதான் முதல் ஆயுதம். ஆனால் விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் எதிர் தலைமைத் தகவல் ஆணையர் வழக்கில் சொன்னது. விடுதியை மூடிய உத்தரவின் கோப்பைக் கொடுத்தால் எந்த விசாரணை கெடும்? மேல்முறையீட்டில் இதே கேள்வியை அப்படியே கேளுங்கள்.

"சாட்சிகளின் பாதுகாப்பு, 8(1)(ஜி)." இதில் நியாயம் உண்டு. போராட்டக்காரர்களுக்கு எதிராக ஒரு மாணவரோ ஊழியரோ வாக்குமூலம் கொடுத்திருந்தால் அவர் பெயர் வெளியே வரக் கூடாது. ஆனால் அதற்காக அறிக்கை முழுவதையும் பூட்ட முடியாது. மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடுக்க வேண்டும் என்பது 10-ஆவது பிரிவு.

"கோப்பைத் தேடியும் கிடைக்கவில்லை." சட்டத்தின் விலக்குப் பட்டியலில் "காணவில்லை" என்று ஒரு விலக்கே கிடையாது. 2013-இல் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு காலத்தில் இருந்த ஆவணம் கிடைக்கவில்லை என்றால் முழுமையாகத் தேடிப் பார்த்து, பொறுப்பு யார் என்று கண்டறிய வேண்டும் என்றது. தபால் பதிவேட்டு நகல் உங்களிடம் இருந்தால் இங்கேதான் அது கைகொடுக்கும்: இத்தனையாம் எண்ணாக உள்ளே வந்த கடிதம், எந்தப் பிரிவுக்குப் போனது என்று அவர்கள் பதிவேடே சொல்கிறது.

"கேட்டது மிக அதிகம், 7(9)." அந்தப் பிரிவு கொடுக்கும் வடிவத்தை மாற்றத்தான் அனுமதிக்கிறது. சரி, நகல் வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

காவல் துறையிடம் கேட்கும்போது உளவுப் பிரிவுகள் 24-ஆவது பிரிவைக் காட்டி ஒதுங்கும். அங்கே மோத வேண்டாம். போலீஸைக் கூப்பிட்ட கடிதத்தின் நகல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை வேண்டுமென்றால் ஆர்டிஐயே தேவையில்லை. பாலியல் குற்றம் போன்ற உணர்திறன் மிக்கவை தவிர மற்ற எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

மறுப்போ மௌனமோ, 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள், மிஞ்சினால் 45. அடுத்து 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே மாதக்கணக்கில், சில நேரம் வருடம் தாண்டியும் காத்திருக்க நேரும். மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது, 19(5). நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அவருக்குத் தண்டம் போடலாம். அது உங்கள் பைக்கு வராது. ஒரு எச்சரிக்கை: கோபத்தில் 18-ஆவது பிரிவில் புகார் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த வழியில் தண்டம் கிடைக்கலாம், தகவலைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு கிடைக்காது என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதம் வேண்டுமானால் 19-ஆவது பிரிவின் மேல்முறையீடுதான்.

பழைய போராட்டம் என்றால்

1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்தக் காலத்துக் கோப்பை இன்று கேட்டால் விசாரணை, தனிநபர் தகவல் போன்ற விலக்குகளைக் காட்ட முடியாது. 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்ச்சி என்றால், நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற, சட்டமன்ற அவை உரிமை, அமைச்சரவை ஆவணம் ஆகிய மூன்றைத் தவிர மற்ற விலக்குகள் பொருந்தாது என்கிறது 8(3). இங்கே தடை சட்டமல்ல, கரையான். பல்கலைக்கழகத்தோடு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். அரசுக்குப் போன அறிக்கைகளின் பிரதி அந்தப் பக்கம் தங்கியிருக்க வாய்ப்புண்டு.

கோப்பைப் பார்வையிடும் நாள்

நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தால் கட்டாயம் போங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் சிறு தொகை. தனியாகப் போகாமல் ஒருவரை அழைத்துச் செல்ல முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்குங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத வசதி.

கோப்பைத் திறந்ததும் உள்ளடக்கத்தைப் படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் பக்க எண்களைப் புரட்டுங்கள். குறிப்புப் பகுதிக்கு ஒரு எண் வரிசை, கடிதப் பகுதிக்கு இன்னொன்று இருக்கும். 34-க்குப் பிறகு 37 வந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள். எண் போடாமலே கோப்பு இருந்தால் அதையும். பிறகு தேதிகள்: விடுதி மூடும் அறிவிப்பு 13-ஆம் தேதி ஒட்டப்பட்டு, அதற்கு அனுமதி கேட்ட குறிப்பில் 15 என்று கையெழுத்து இருந்தால், நீங்கள் தேடி வந்த பதில் அந்த இரண்டு நாள் இடைவெளியில்தான் இருக்கிறது. அப்புறம் நிதானமாகப் படியுங்கள். தேவையான பக்கங்களுக்குப் பென்சிலால் கூட கோப்பில் குறி வைக்காமல் உங்கள் தாளில் எண்ணைக் குறித்து, அங்கேயே நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். கிளம்பும் முன், பார்த்த கோப்புகளின் ந.க.எண், இரண்டு பகுதிகளிலும் கடைசிப் பக்கத்தின் எண், அன்றைய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலுவலரிடம் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். போடமாட்டேன் என்றால், அன்று மாலையே அதை ஸ்பீட் போஸ்ட்டில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.